கம்பம் இல்லாத ரோடு

ஸ்பெயின் நாட்டுக் கிராமத்து ரோடுகளில் எத்தனை வளைவு, எத்தனை மேடு, எந்தத் திருப்பத்தில் நாய் துரத்தும், எந்த ஊர் மாதா கோயில் வாசலில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கும் என்பதெல்லாம் ஹிஃப்ஸாவுக்கு மனப்பாடம். ஸ்பெயினை மட்டும் அவள் ஒரு தடவை கூடக் கண்ணால் கண்டதில்லை. துபாய் அல் கூஸில், ஒரு பக்கம் டயர் கடையும் மறுபக்கம் மார்பிள் அறுக்கும் பட்டறையுமாக இருந்த ஒரு கோடவுனின் மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, வானத்திலிருந்து எடுத்த படங்களையும் ரோட்டில் கார் ஓட்டி எடுத்த படங்களையும் பார்த்துப் பார்த்து அவள் ரோடு போடுவாள். ரோடு போடுவது என்றால் தார் ஊற்றுவதல்ல. இந்த வழியில் வந்து, இங்கே திரும்பி, அங்கே ஏறி, இந்த ஊரில் காப்பி குடித்து, இத்தனை கிலோமீட்டரில் முடி என்று திரையில் கோடு இழுப்பது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைகுடாவின் வசதியான ஆட்கள் வருஷத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறிப் போய், பாதாம் தோப்புகளுக்கு நடுவே வியர்க்க விறுவிறுக்க சைக்கிள் மிதித்துவிட்டு வருவார்கள். வீட்டில் நாலு ஏசி ஓடும்போது மலையேறி மூச்சு வாங்க இவ்வளவு ஆசையா என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அதில்தான் நிம்மதி. இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பெனி சின்னது. முதலாளி எப்போதும் வெளியூரில். இங்கே எல்லாம் மேனேஜர் சேதுமாதவன்தான். பொள்ளாச்சிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். மாடியறைச் சுவரில் அவர் தன் கையால் எழுதி ஒட்டிய ஒரே ஒரு விதி இருந்தது: ‘இக்னாசியோ பார்க்காத ரோட்டில் சக்கரம் உருளக் கூடாது.’ இக்னாசியோ ஸ்பெயினில் இருக்கும் வழிகாட்டி, அந்த மலையடிவாரத்தில் பாதாம் போடும் விவசாயி. ஹிஃப்ஸா இழுக்கிற ஒவ்வொரு கோட்டையும் தன் வேனில் போய்ப் பார்த்து, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் அது சைக்கிள்காரர்களுக்குப் போகும். மூன்று வருஷமாக அவள் இந்த விதியை மீறியதில்லை. அன்றைக்குக் காலையில் மீறினாள்.

மீறியது புருஷனுக்காக.

முஆத் அதே கம்பெனியில் மெக்கானிக். கீழக்கரைக்காரன். இந்த அக்டோபரில்தான் முதல் முறையாக விசா கிடைத்து ஒரு கூட்டத்தோடு ஸ்பெயினுக்குப் போயிருந்தான். கூட்டத்தில் எல்லோருக்கும் கடைசியாக வருகிறவர் பின்னாலேயே தானும் சைக்கிளில் போக வேண்டும், பஞ்சரானால் ஒட்ட வேண்டும், செயின் அறுந்தால் மாட்ட வேண்டும். அதுதான் அவன் வேலை. இந்தக் கூட்டத்தின் கடைசி ஆள், துபாய் கராமாவில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ஆதித்யா. நல்ல மனுஷர். உடம்புதான் சைக்கிளுக்குச் சம்மதிக்கவில்லை. ஏற்றம் வந்தால் முஆத் ஒரு கையால் தன் ஹேண்டில்பாரையும் மறுகையால் டாக்டரின் முதுகையும் பிடித்துத் தள்ளிக்கொண்டே மிதிக்க வேண்டும். மூன்று நாள் தள்ளியதில் அவன் முழங்கால் வீங்கிவிட்டது.

“முட்டி பூரி மாதிரி உப்பிப் போச்சு புள்ள,” என்று முந்தின நாள் சாயங்காலம் போனில் சொன்னான். “நாளைக்கு ஏழு கிலோமீட்டர் மல. அந்தாளத் தள்ளிக்கிட்டு அதுல ஏறுனேன்னா, எறங்குறப்ப என்னைய ஆராச்சும் தூக்கிட்டுத்தான் வரணும்.”

“இக்னாசியோட்ட சொல்லிட்டு வேன்ல ஏறிக்கங்களேன் மச்சான்.”

“மொதத் தடவ வந்திருக்கேன். நாலாம் நாளே வேன்ல ஏறுனா அடுத்த தடவ கூப்புடுவாகளா?”

அந்தக் குரல் அவளை உறங்க விடவில்லை. காலையில் சேதுமாதவன் வருவதற்கு முன்பே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவர்கள் தங்கியிருந்த கிராமத்திலிருந்து மதியச் சாப்பாட்டு ஊருக்கு மலையைச் சுற்றாமல் வேறு வழி உண்டா என்று தேடினாள். இருந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே வெளிறிய கோடாக ஒன்பது கிலோமீட்டர். பெரிதாக்கிப் பார்த்தால் சிமெண்ட் ரோடு. கார் எடுத்த படங்களும் இருந்தன. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை, கரையோரம் ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கும் செடிகள். ஏற்றமே இல்லை. இவ்வளவு நல்ல ரோட்டை இக்னாசியோ ஏன் இதுவரை சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். மலைதானே இவர்களுக்கு வேண்டும், அதனால் விட்டிருப்பார் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் மனசு கேள்வியையும் கேட்டுப் பதிலையும் சொல்லிக்கொள்ளும்.

ஒரே ஒரு சோதனை மட்டும் செய்தாள். ரோட்டோரத்தில் கம்பம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

அவள் வளர்ந்தது மஸ்கட்டில், ரூவியில். வாப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் காரில் எங்கே போனாலும் ரோடு ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அதற்கு வாதி என்று பெயர். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும், எங்கோ மலையில் மழை பெய்த அன்று மட்டும் ஆறாகிவிடும். ரோடு வாதியில் இறங்குகிற இடங்களில் இரண்டு பக்கமும் கம்பம் நட்டிருக்கும், கீழே வெள்ளை, மேலே சிவப்பு. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் வண்டி நகரக் கூடாது. ஒன்பது வயதில் ஒரு தடவை, சிவப்பைத் தொட்ட பிறகும் கடக்கப் பார்த்த வெள்ளை பிக்கப் ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனதைப் பின் சீட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். அதன் ஹாரன் ரொம்ப நேரம் கேட்டது. அன்றிலிருந்து எந்த ரோட்டைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் கம்பத்தைத்தான் தேடும். கல்யாணமான புதிதில் முஆதை மஸ்கட்டுக்குக் கூட்டிப் போனபோது அவனுக்கும் பெருமையாகச் சொன்னாள்: “கம்பம் இருந்தா வாதி மச்சான், பாத்துப் போகணும். கம்பம் இல்லன்னா ஒரு பயமும் இல்ல.”

அந்த ஒன்பது கிலோமீட்டரையும் நான்கு தடவை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கம்பம் ஒன்று கூட இல்லை. கிராமத்துக்கு மழை உண்டா என்றும் பார்த்தாள். நாள் முழுக்க வெயில் என்று காட்டியது. கோட்டை இழுத்து, முஆதின் போனுக்கு அனுப்பினாள். கூடவே பேசியும் அனுப்பினாள்: “ஏத்தமே இல்லாத ரோடு மச்சான். டாக்டரையும் கூட்டிக்கிட்டு இதுல வாங்க. இக்னாசியோட்ட மெதுவா வர்றோம்னு மட்டும் சொல்லுங்க. வேற ஆருக்கும் தெரிய வேணாம்.”

ஒவ்வொரு சைக்கிளும், இக்னாசியோவின் வேனும் எங்கே போகிறது என்று ஆபீஸ் திரையில் புள்ளியாகத் தெரியும். குறித்த ரோட்டை விட்டு விலகினால் புள்ளி சிவக்கும். சிவந்தால் சேதுமாதவன் கேட்பார். அதனால் முஆதின் புள்ளியையும் டாக்டரின் புள்ளியையும் பெரிய திரையிலிருந்து எடுத்துவிட்டு, தன் போனில் மட்டும் வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரத்தனம்தான். அந்த நேரத்தில் தன்னைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினொன்று இருபதுக்கு முஆதின் குரல் வந்தது. அங்கே அப்போது காலை ஒன்பது இருபது.

“நீ போட்ட ரோடு பாய் விரிச்ச மாதிரி இருக்கு புள்ள! டாக்டர் பாட்டுப் பாடிக்கிட்டு வர்றாரு. இங்க ஒரு பொட்டு மேகம் இல்ல. மலப்பக்கந்தான் கருகருன்னு கெடக்கு. அங்கன ஏறுனவுகளுக்குத்தான் இன்னைக்குக் குளியல்.” சிரித்தான். பின்னாலேயே ஒரு போட்டோ வந்தது. டாக்டர் ஆதித்யா சைக்கிளை நிறுத்திக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஹிஃப்ஸாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டருக்குப் பின்னால் இருந்த பூக்கள் அழகாக இருந்தன, பெரிதாக்கிப் பார்த்தாள்.

அரளி.

காட்டு அரளி. யாரும் நடாமல் தானாக முளைத்துக் கிடக்கும் அரளி. ஓமனில் அது தானாக வளர்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். வாதியின் வயிற்றில், அடியில் ஈரம் இருக்கும் மணலில். இத்தனை வருஷம் கார் ஜன்னலில் அதைப் பார்த்தவள், காலையில் நான்கு தடவை படத்தில் பார்த்தவள், பூ என்று மட்டும் நினைத்துவிட்டாள். இப்போது மற்றவையும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. ரோட்டோரத்தில் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள். கரையின் மண் சுவரில் தண்ணீர் அரித்த கோடு. டாக்டரின் தலைக்கு மேலே ஓர் அரளிக் கிளையில் காய்ந்த வைக்கோலும் கிழிந்த பிளாஸ்டிக் சாக்கும் சுற்றிக்கொண்டு கிடந்தன. அவ்வளவு உயரத்துக்கு அவற்றை யாரும் கொண்டுபோய் மாட்டியிருக்க மாட்டார்கள்.

அது ரோடு இல்லை. ஆற்றின் நடு வயிற்றில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மலைப்பக்கம் கருகருவென்று கிடக்கிறது என்று அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். வாதியில் தண்ணீர் வெயிலடிக்கும்போதுதான் வரும் என்பது ரூவியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

முஆதைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. சைக்கிள் மிதிக்கும்போது போனை முதுகுப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. “மச்சான், கரைமேல ஏறுங்க, உடனே ஏறுங்க, சைக்கிள விட்டுட்டு ஏறுங்க,” என்று பேசி அனுப்பினாள். அவன் கேட்டதற்கு அடையாளம் வரவில்லை. டாக்டரின் நம்பர் கீழே கோடவுன் ஃபைலில் இருந்தது. அதை எடுக்கப் போனால் சேதுமாதவன் எதற்கு என்பார். போவதா வேண்டாமா என்று எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். போன் திரையில் இரண்டு புள்ளிகளும் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்பது கிலோமீட்டரில் நான்கைத் தாண்டியிருந்தார்கள். கரை ஏறுவதற்கு வழி இருந்த இடம் இரண்டாவது கிலோமீட்டரில் ஒன்று, ஏழாவதில் ஒன்று. நடுவில் எதுவும் இல்லை.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு இரண்டு புள்ளிகளும் நின்றன. முஆதின் புள்ளி கொஞ்சம் பின்னால் வந்தது. பிறகு இரண்டும் சாம்பல் நிறமாயின.

சிக்னல் போயிருக்கும். கரை உயரம், அதனால் போயிருக்கும். அவள் இதைத் தனக்கு இருபது தடவை சொல்லிக்கொண்டாள்.

படிக்கட்டில் சேதுமாதவனின் செருப்புச் சத்தம் கேட்டது. காதில் போனோடு உள்ளே வந்தார். மறுமுனையில் இக்னாசியோ. மலையில் மழை கொட்டுகிறது, மற்ற ஆறு பேரையும் வேனில் ஏற்றிவிட்டேன், கடைசி இரண்டு பேரைக் காணோம் என்று அவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்துவது ஹிஃப்ஸாவுக்கே கேட்டது.

“அம்மணி, ஏழாம் நம்பர் சைக்கிளும் எட்டாம் நம்பரும் எங்கீங்க?” சேதுமாதவன் பெரிய திரையைப் பார்த்தார். ஆறு புள்ளிகள் மலை உச்சியில் ஒன்றாக நின்றன. “ரெண்டு புள்ளியவே காணமுங்களே. மெஷின் கெட்டுப்போச்சா?”

“தெரியல சார்,” என்றாள் ஹிஃப்ஸா.

அந்தப் பொய் அவள் யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் கோபம் இக்னாசியோ மேல் திரும்பியது. “என்ன வேலையய்யா பண்ற? ரெண்டு உசுர நடு மலையில உட்டுப்போட்டு முன்னால போயிட்டியா?” என்று பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் திட்டினார். பொள்ளாச்சித் தமிழ் ஸ்பெயினில் எவ்வளவு புரிந்ததோ, அந்த மனுஷர் திரும்பி மலை ரோட்டிலேயே கீழே இறங்கித் தேடுகிறேன் என்றார். ஏழு கிலோமீட்டர் கீழே, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, பள்ளத்தில் விழுந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு.

அவர்கள் இல்லாத ரோட்டில் தேடுகிறார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேன் திரும்பிவிடும். ஹிஃப்ஸா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் வேலை போகும். இரண்டு பேர் விசாவும் இந்தக் கம்பெனியில்தான். அது கூடப் பெரிதில்லை. சொல்லாதவரை அது வெறும் சிக்னல் கோளாறு. வாயைத் திறந்து, என் புருஷன் ஆற்றுக்குள் இருக்கிறான், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். அதற்குத்தான் அவள் பயந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போனது. இன்னொன்று போனது. பெரிய திரையில் வேனின் புள்ளி மலை வளைவுகளில் நின்று நின்று இறங்கியது. ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும் இக்னாசியோ மழையில் இறங்கி முஆதின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள்.

“சார்.”

சேதுமாதவன் திரும்பினார்.

“அவங்க மலையில இல்ல சார். நான் வேற ரோடு போட்டுக் குடுத்தேன். காலையில. மச்சானுக்கு முட்டி வலின்னு. இக்னாசியோக்குத் தெரியாது. புள்ளிய நான்தான் எடுத்துட்டேன்.” போனை நீட்டினாள். “இது ரோடு இல்ல சார். இது வாதி.”

சேதுமாதவன் நாலு வருஷம் ஓமனில், சலாலாவில் இருந்தவர். அந்தச் சொல்லுக்கு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மிச்சமிருந்த தைரியமும் போயிற்று. அவர் கத்தவில்லை. கழற்றிய கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, சாம்பல் புள்ளி நின்ற இடத்தைப் பார்த்து எண்களை எழுதி, இக்னாசியோவைக் கூப்பிட்டுப் படித்தார். ஸ்பீக்கரில் மழைச் சத்தம். இக்னாசியோ ஒரே ஒரு சொல் சொன்னார்: “ரம்ப்ளா.” லைன் அறுந்தது. திரையில் வேனின் புள்ளி திரும்பி, வளைவுகளில் நிற்காமல் இறங்கத் தொடங்கியது.

ஹிஃப்ஸா அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள். அடித்திருக்கக் கூடாது. வாதிக்கு அங்கே அதுதான் பெயர். செம்மண் நிறத் தண்ணீரில் கார்கள் மிதந்து போகும் படங்களாக வந்தன. சேதுமாதவன் எட்டி அந்தப் பக்கத்தை மூடினார்.

“அம்மணி, எத்தன நிமிஷம் பேசாம நின்னீங்க?”

“ஏழு சார்.”

திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் பால் விடாத சுலைமானி டீ போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அது ஆறிப்போகும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் மதியத் தொழுகைக்கு, லுஹருக்குப் பாங்கு கேட்டது. கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து கோடவுனின் மூலையில், அடைத்து வைத்த சைக்கிள் பெட்டிகளுக்கு நடுவே தொழ நின்றாள். எத்தனை ரக்அத் முடிந்தது என்று நினைவில் நிற்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி விட்டுப்போனது. கடைசியில் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபடியே கிடந்தாள். ஏழு நிமிஷத்தை மட்டும் திருப்பிக் கொடு என்று கேட்டாள். காலையிலிருந்து திருப்பிக் கொடு என்று கேட்கலாமே என்று அப்புறம்தான் தோன்றியது. பயத்தில் கேட்கக் கூடத் தெரியவில்லை. பக்கத்துப் பட்டறையில் மார்பிள் அறுக்கும் மெஷின் ஓயாமல் தண்ணீரைப் பீய்ச்சியது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்க முடியாமல் மாடிக்கு ஓடினாள்.

வேனின் புள்ளி ரம்ப்ளாவின் கரையில் போய் நின்று ஒரு மணி நேரமாகியிருந்தது. நகரவில்லை. நிற்கிறது என்றால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு கணக்கு. நிற்கிறது என்றால் இறங்க முடியவில்லை என்று இன்னொரு கணக்கு. சேதுமாதவன் கூப்பிட்ட போதெல்லாம் இக்னாசியோ எடுக்கவில்லை. ஹிஃப்ஸா மனசுக்குள் கீழக்கரைக்குப் போன் போட்டாள். மாமியிடம் என்ன சொல்வது? உங்கள் மகன் முட்டி வலிக்கிறது என்றான், அதனால் இப்படிச் செய்தேன் என்றா? அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. ஒன்பது வயதில் கேட்ட ஹாரன் காதுக்குள் நிற்காமல் அடித்தது.

ஒன்றேகாலுக்கு அவள் போன் அடித்தது. இக்னாசியோவின் நம்பர். எடுக்கப் பயந்தாள். நாலாவது மணியில் சேதுமாதவன்தான் பச்சையைத் தேய்த்து அவள் காதில் வைத்தார்.

“ஹிஃப்ஸா.”

முஆதின் குரல். குளிரில் பல் தந்தியடித்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், மூச்சுதான் வந்தது.

“உசுரோட இருக்கேன் புள்ள. டாக்டரும் இருக்காரு. அவருக்குக் காலு ஒடஞ்சு போச்சு, ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிட்டாக. ஆத்துக்குள்ள ஒரு பழைய மோட்டார் ரூம். அது மேல ஏத்தி அவரு சட்டையப் புடிச்சுக்கிட்டே கெடந்தேன். தண்ணி கூரைய நக்குச்சு. இக்னாசியோ மட்டும் இன்னும் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தாருன்னா...” நிறுத்தினான். “கயித்தக் கட்டிக்கிட்டு அவரே எறங்கிட்டாரு.”

அஞ்சு நிமிஷம். அவள் தின்றது ஏழு. கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் கூப்புட்டேனே மச்சான்...”

“கேக்கல. கேட்டிருந்தாலும்...” அவன் குரல் இறங்கியது. “ஒண்ணு சொல்லணும் உன்ட்ட. மொதல்ல தண்ணி கணுக்காலுக்குத்தான் வந்துச்சு, சும்மா காவாத் தண்ணி மாதிரி. டாக்டர் பயந்துட்டாரு. திரும்பிருவோம் தம்பி, திரும்பிருவோம்னாரு. அப்பவே திரும்பியிருந்தா கரை ஏறியிருக்கலாம். நான்தான் விடல. கம்பம் இருக்கான்னு ரெண்டு பக்கமும் பாத்தேன். இல்ல. கம்பம் இல்ல சார், இது வாதி இல்ல, என் ஊட்டுக்காரி போட்ட ரோடு, தைரியமா வாங்கன்னு முதுகுல கைய வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன்.”

ஹிஃப்ஸா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இங்க கம்பமே நட மாட்டாகளாம். ஊர்க்காரவுக எல்லாருக்கும் தெரியுமாம், அதனால நடுறது இல்லையாம்.”

“நான் பாத்தேன் மச்சான்,” என்றாள் அவள். “நாலு தடவ பாத்தேன். கம்பம் இல்ல.”

“எனக்குத் தெரியும்லா. நீ பாக்காம போடுவியா?”

இதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. சேதுமாதவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நாளைக்கு அவர் என்ன செய்வார், வேலை இருக்குமா, டாக்டர் என்ன கேட்பார் என்பதெல்லாம் அவள் நினைவுக்கு வந்து, நிற்காமல் போயிற்று.

“அழாத,” என்றான் முஆத். “போன வைக்கணும். டாக்டரோட ஆஸ்பத்திரிக்கு நானும் போறேன், அங்க அவருக்கு ஆருமில்ல. இக்னாசியோ வேன்ல கூட்டிட்டுப் போறாரு. ரெண்டு ரோடு இருக்காம். ஒண்ணு கீழயே போவுது, இருபது நிமிஷம். ஒண்ணு மலையச் சுத்தி, ஒண்ணே கால் மணி நேரம். எதுல போகட்டும்? பாத்துச் சொல்லு.”

அவள் கை பழக்கத்தில் மௌஸின் மேல் போயிற்று. தொட்டதும் நெருப்பைத் தொட்டது போல எடுத்துக்கொண்டாள். ஆற்றிலிருந்து தூக்கப்பட்டு, ஈரம் கூடக் காயாமல், மறுபடியும் அவளிடமே வழி கேட்கிறான். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது இது. இனி அவள் எந்தப் பக்கம் கை காட்டினாலும் இந்த மனுஷன் போவான்.

“இக்னாசியோட்ட கேளுங்க மச்சான்.”

“அவரு கீழ ரோடு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாரு. இருந்தாலும் நீ சொல்லு.”

திரையில் கீழ் ரோடு தெரிந்தது. அகலமான தார் ரோடு. இரண்டு பக்கமும் பாதாம் தோப்பு. அரளி இல்லை. கம்பமும் இல்லை.

“மலை மேல போங்க,” என்றாள்.

“ஒண்ணே கால் மணி நேரம் புள்ள. முட்டிய மடக்கவே முடியல.”

“பரவால்ல மச்சான். மலை மேலயே போங்க.”